பெட்ரோல் காருக்கு மின்சார வயர்!

கனடா தேசத்தில் வின்னிபெக் என்று ஒரு நகரம். மானிடோபா மாகாணத்தின் தலைநகர். ஜனவரி மாதத்தில் அங்கே ஒரு தெருவில் நடந்து போனால், நம்மவர் கண்ணுக்கு வேடிக்கையான காட்சி ஒன்று தென்படும். வீட்டு வாசலில் நிற்கும் கார்களின் மூக்கிலிருந்து ஒரு மின்சார வயர் தொங்கும். அதன் மறுமுனை சுவரில் செருகியிருக்கும்.

"மின்சாரக் கார் போலிருக்கிறது!" என்று நினைத்துவிடாதீர்கள். அசல் பெட்ரோல் கார்தான். என்ஜினைக் குளிர் காய வைத்திருக்கிறார்கள்!

ஜனவரி இரவுகளில் அங்கே சாதாரணமாகவே பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி செல்சியஸ் குளிர். 30 டிகிரிக்கு இறங்கும் நாட்களும் உண்டு. அந்தக் குளிரில் என்ஜின் ஆயில் வெல்லப்பாகு மாதிரி கெட்டியாகிவிடும். அதைக் கலக்கிக்கொண்டு என்ஜின் சுழல வேண்டுமானால், பாட்டரி வழக்கத்தைவிட அதிகமாகப் பாடுபட வேண்டும். பாட்டரிக்கோ பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியிலேயே பாதி பலம் போய்விடுகிறது. சுமை கூடும் நேரம் பார்த்துச் சுமப்பவன் இளைத்துப்போனால் வண்டி எப்படிக் கிளம்பும்?

இஸ்திரிப் பெட்டியில் பிறந்த யோசனை

இதற்கு வழி கண்டவர் ஆண்ட்ரூ ஃப்ரீமன். அமெரிக்காவில், கனடாவின் எல்லைக்கு அருகே உள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர்க்காரர். மின்சாரக் கூட்டுறவு ஸ்தாபனம் ஒன்றில் நிர்வாகியாக இருந்தவர். ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியின் சூடேற்றும் கம்பியையும் கொஞ்சம் செப்புக் குழாயையும் வைத்து, என்ஜினுக்கு உள்ளேயே சூடு கொடுக்கும் கருவி ஒன்றைச் செய்து பார்த்தார். பலித்தது. 1949-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. அதன் வாரிசுகள்தான் இன்று தெருத் தெருவாக வயரைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கின்றன. இரவெல்லாம் சூடு காட்ட வேண்டியதில்லை. புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு போதும். சிக்கனக்காரர்கள் கடிகார சுவிட்ச் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றினால், அது உறைந்து விரிந்து என்ஜினையே பிளந்துவிடும். ஆகவே கிளைக்கால் என்ற திரவத்தைத் தண்ணீரோடு சரிபாதியாகக் கலக்கிறார்கள். இதில் ஒரு விசித்திரம்! தனிக் கிளைக்கால் பூஜ்யத்துக்குக் கீழ் சுமார் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். தண்ணீர் சேர்ந்த கலவையோ 37 டிகிரி வரை தாங்கும். "நிறைய ஊற்றினால் நல்லதுதானே!" என்று தாராளம் காட்டுகிறவர் அங்கே ஏமாந்துபோவார்.

டயரும் குளிரில் விறைத்துக்கொள்ளும். இரவெல்லாம் தரையில் அழுந்திய பக்கம் தட்டையாகவே நின்றுவிடுவதால், காலையில் கார் முதல் சில நிமிஷம் சதுரச் சக்கரத்தில் ஓடுவதுபோல் தடக் தடக் என்று குதிக்கும். பயப்பட வேண்டாம், ஓட ஓடச் சரியாகிவிடும்.

கிளம்பினால் போதுமா?

கிளப்புவதற்குக் கருவி இருக்கிறது. நிறுத்துவதற்கு? அங்கேதான் சொந்தக்காரரின் புத்தியும் பணப்பையும் வேலை செய்ய வேண்டும்.

கோடைக்கு என்று செய்த டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுக ஆரம்பித்துவிடும், சாலையைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர் வேறு ரகம். குளிரிலும் மிருதுவாக இருக்கும். கியூபெக் மாகாணத்தில் 2008-ம் ஆண்டுக் குளிர்காலம் முதல் இத்தகைய டயர் கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது இல்லாமல் காரை எடுத்தால் அபராதம். மானிடோபாவில் அப்படிக் கட்டாயமில்லை. கியூபெக்காரர்கள் செய்ததுதான் சரி என்பது என் கட்சி.

ஏனென்றால், நான்கு டயருக்குச் செலவா என்று யோசித்து, என்ஜின் இழுக்கும் முன்சக்கரங்களுக்கு மட்டும் இரண்டு வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. கார் அழகாகக் கிளம்பும். வளைவில் பிரேக் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வால் தலையை முந்திக்கொண்டு வரும்!

"என் காரில் நான்கு சக்கரமும் இழுக்கும், எனக்கென்ன!" என்று மார்தட்டுகிறவர் இன்னொரு வகை. நான்கு சக்கரமும் இழுத்தால் கிளம்புவது சுலபம், வாஸ்தவம். ஆனால் பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும்தானே? நிற்பதில் அவருக்குத் தனிச் சலுகை கிடையாது. மேலும், கடுங்குளிரில் உள்ள ஐஸைவிட, பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் லேசாக ஈரம் கசியும் ஐஸ்தான் அதிகமாக வழுக்கும். "இன்று குளிர் குறைவு" என்று உற்சாகமாகப் புறப்படும் நாளில்தான் ஜாக்கிரதை வேண்டும்.

செல்லக் காருக்கு ஓய்வு

கார்ப் பைத்தியங்கள் அங்கேயும் ஏராளம். முதல் பனி விழுந்ததும் காலி மைதானத்துக்குப் போய், வேண்டுமென்றே பிரேக் போட்டுச் சறுக்கிப் பார்ப்பார்கள். விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் கார் எப்போது கை மீறும் என்பதை நடு ரோட்டில் கற்பதைவிட அங்கே கற்பது மேல் அல்லவா?

அவர்களுடைய பெரிய விரோதி பனி அல்ல, உப்பு! ஐஸைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பு காரின் அடித்தகட்டைத் தின்றுவிடும். ஆகவே செல்லக் காருக்கு டாங்கை நிரப்பி, பாட்டரியைக் கழற்றி, போர்வை போட்டுக் கொட்டகையில் தூங்க விட்டுவிடுகிறார்கள். உப்பில் உழைப்பதற்கு அடிமாட்டு விலையில் ஒரு கிழட்டுக் கார். அது துருப்பிடித்தால் யார் அழப் போகிறார்கள்!

கிழடோ புதிதோ, பனிப்புயலில் நெடுஞ்சாலையில் சிக்கிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. வெண்பனியில் பத்தடி தள்ளிப் போனாலே திசை தெரியாது. உள்ளேயே இருந்து, மணிக்குப் பத்து நிமிஷம் என்ஜினை ஓட்டிச் சூடு ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பு ஒவ்வொரு தடவையும் புகைக்குழாயைப் பார்த்தாக வேண்டும். பனி அதை அடைத்திருந்தால் கார்பன் மோனாக்ஸைடு காருக்குள் புகும். வாசனையில்லாத விஷவாயு! கதகதப்பாகத் தூங்கியவர் எழுந்திருக்கவே மாட்டார். காற்று வீசாத பக்கம் ஜன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதும் அதற்காகத்தான்.

குழாயைச் சுற்றிய பனியைத் தள்ளுவதற்கென்றே மண்வெட்டி. கூடவே கம்பளி, மெழுகுவர்த்தி, சக்கரத்தடியில் தூவக் கொஞ்சம் மணல். அனுபவசாலிகள் மண்வெட்டியை டிக்கியில் வைப்பதில்லை, பின்சீட்டில்தான் போட்டிருப்பார்கள். டிக்கியின் பூட்டே உறைந்துவிட்டால் என்ன செய்வது?