ஜாலிக்கா, தூக்கத்துக்கா, கவலைக்கா? பெரியவர்கள் ஏன் கஞ்சா பயன்படுத்துகிறார்கள்? ஆய்வுகள் சொல்வது என்ன?

'இத்தனை கிலோ கஞ்சா பறிமுதல், இத்தனை பேர் கைது'. தினமும் ஏதாவது ஒரு ஊரில் இருந்து இப்படி ஒரு செய்தி வந்துவிடுகிறது. யார் கடத்தினார்கள், எங்கிருந்து வந்தது, எவ்வளவு மதிப்பு என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. வாங்குகிறவர் ஏன் வாங்குகிறார்?

"கெட்ட சகவாசம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நம் பழக்கம். ஆனால் வேலைக்குப் போகிற, குடும்பம் நடத்துகிற, நல்லது கெட்டது தெரிந்த பெரியவர்களும் பயன்படுத்துகிறார்களே, அவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள்? இதை உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். கிடைத்த பதில்கள் சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியவை.

முதலில் கேட்டது எங்கே?

பெரிய அளவில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் முயற்சிகளில் ஒன்று நடந்தது இந்தியாவில்தான். பிரிட்டிஷ் அரசு 1893-ல் இந்திய கஞ்சா ஆணையத்தை அமைத்தது. மருத்துவர்கள், அதிகாரிகள், விவசாயிகள், சாதுக்கள் என 1,193 சாட்சிகளிடம் அந்த ஆணையம் விவரம் கேட்டது.

உடல் உழைப்பின் களைப்பு, குளிர், பக்தி, விருந்து என்று பல காரணங்கள் அதில் பதிவாகின. இன்னொரு முக்கியமான விஷயமும் வெளியே வந்தது. அப்போதைய மனநலக் காப்பகங்களில் பலருடைய பெயருக்கு எதிரே 'நோய்க்குக் காரணம்: கஞ்சா' என்று எழுதியிருந்தார்கள். ஆணையம் விசாரித்துப் பார்த்தபோது, சரியான ஆதாரமே இல்லாமல் எழுதப்பட்ட பதிவுகள் ஏராளம் எனத் தெரிந்தது. காரணத்தை விசாரிக்காமல் ஊகித்து எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இது பழைய உதாரணம்.

முதல் முறையே 'போதை' ஏறிவிடுமா?

அமெரிக்க சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1953-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கஞ்சா பயன்படுத்தும் 50 பேரிடம் பேசி அவர் எழுதியது அது. முதல் முறை புகைக்கும்போது பலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை என்கிறார் பெக்கர். எப்படி இழுப்பது, உடம்பில் தெரிகிற மாற்றத்தை எப்படி அடையாளம் காண்பது, தலைசுற்றலையும் தாகத்தையும் எப்படி 'சுகம்' என்று எடுத்துக்கொள்வது என மூன்றையும் கூட இருப்பவர்கள்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அதாவது, ஆசை வந்த பிறகு பழக்கம் வருவதில்லை. பழகப் பழகத்தான் ஆசையே உருவாகிறது என்பது அவர் வாதம். நம்ம ஊர்ல 'சேர்க்கை சரியில்லை' என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதிதான்.

ஆய்வாளர்கள் பிரித்த 5 காரணங்கள்

அமெரிக்க உளவியலாளர்கள் 1998-ல், கஞ்சா பயன்படுத்துவதன் நோக்கங்களை அளக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அது காரணங்களை ஐந்தாகப் பிரித்தது.

1. இன்பம்: நல்லா இருக்கு, ஜாலியா இருக்கு.
2. கூட்டம்: நண்பர்களோடு இருக்கும்போது, விழாக்களில்.
3. ஒத்துப்போதல்: எல்லாரும் செய்கிறார்கள், நான் மட்டும் தனியாகத் தெரியக் கூடாது.
4. புது அனுபவம்: வேறு மாதிரி யோசிக்க, இசையை வேறு மாதிரி கேட்க.
5. சமாளித்தல்: கவலை, கோபம், துக்கம், மன அழுத்தத்தை மறக்க.

பிறகு 2009-ல் வெளியான இன்னொரு ஆய்வு இந்தப் பட்டியலை 12 ஆக விரித்தது. தூக்கம், போரடிப்பது, நாலு பேரிடம் பேசக் கூச்சம், 'மதுவை விட ஆபத்து குறைவு' என்ற நம்பிக்கை, சும்மா கைக்குக் கிடைத்தது என்பதெல்லாம் அதில் சேர்ந்தன.

இதில் எது ஆபத்தானது?

பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு ஒன்று உண்டு. ஐந்தாவது காரணமான 'சமாளித்தல்'தான் அதிகப் பிரச்னைகளோடு சேர்ந்து வருகிறது. ஒரே அளவு புகைக்கும் இரண்டு பேரில், கொண்டாட்டத்துக்காகப் புகைப்பவரை விட கவலையை மறக்கப் புகைப்பவர் அடிமையாகும் வாய்ப்பு கூடுதல்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கொண்டாட்டம் என்றைக்கோ ஒருநாள் வரும். கவலை தினமும் வரும்.

நம் மூளையும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சி என்ற வேதிப்பொருளை 1964-ல் இஸ்ரேல் விஞ்ஞானி ரஃபேல் மெச்சூலமும் அவருடைய சகாக்களும் பிரித்தெடுத்தார்கள். அதே மெச்சூலமின் குழு 1992-ல், மூளை தானாகவே அதுபோன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது என்று கண்டுபிடித்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆனந்தமைடு'. ஆமாம், 'ஆனந்தம்' என்ற சொல்லில் இருந்து வந்த பெயர்தான். மனநிலை, பசி, தூக்கம், வலி எல்லாவற்றிலும் பங்கு வகிக்கும் அந்த அமைப்பை வெளியில் இருந்து தினமும் தூண்டினால், மூளை தன் கணக்கை மாற்றிக்கொள்கிறது.

'தூக்கத்துக்காக மட்டும்தான்' - உண்மையா?

பெரியவர்கள் அதிகம் சொல்லும் காரணங்களில் ஒன்று தூக்கம். இங்கேதான் ஒரு சுழல் இருக்கிறது.

தினமும் பயன்படுத்துபவர் திடீரென நிறுத்தினால் எரிச்சல், பதற்றம், பசியின்மை, தூக்கமின்மை வரும். இது பெரும்பாலும் முதல் வாரத்தில் உச்சத்தில் இருக்கும். தூக்கப் பிரச்னை மட்டும் ஒரு மாதத்துக்கு மேலும் நீளலாம். "பாருங்க, அது இல்லைன்னா எனக்குத் தூக்கமே வரல" என்று அவர் நினைக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் தூக்கத்தைக் கெடுப்பது, நிறுத்தியதால் வந்த விளைவாகவே இருக்கலாம். அவர் சொல்லும் காரணம் பொய்யில்லை. ஆனால் முதல் நாள் காரணம் வேறு, ஐந்தாம் வருடத்துக் காரணம் வேறு.

வலி என்று சொல்பவர்கள்?

அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017-ல் வெளியிட்ட விரிவான அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோதெரபியால் வரும் வாந்தி ஆகியவற்றில் பலன் இருப்பதற்குக் கணிசமான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. அதே அறிக்கை மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்களுடனும் சாலை விபத்துகளுடனும் உள்ள தொடர்புக்கும் கணிசமான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. பயன்பாடு கூடக் கூட மனநோய் அபாயமும் கூடுகிறது. வாட்ஸ்அப்பில் முதல் பாதி மட்டும்தான் சுற்றுகிறது!

சட்டம் அனுமதித்தால் காரணம் மாறுமா?

கனடா 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்களுக்குக் கஞ்சாவை அனுமதித்தது. அங்கே அரசே ஆண்டுதோறும் கஞ்சா பற்றி சர்வே நடத்துகிறது. மருத்துவத் தேவை என்று சொல்பவர்களையும் மற்றவர்களையும் அதில் தனித்தனியாகக் கேட்கிறார்கள்.

அமெரிக்காவிலோ 2022 கணக்குப்படி, தினமும் அல்லது கிட்டத்தட்ட தினமும் கஞ்சா பயன்படுத்துபவர்கள் சுமார் 1.77 கோடி பேர். அதேபோல மது குடிப்பவர்கள் சுமார் 1.47 கோடி. தினசரிப் பழக்கத்தில் கஞ்சா மதுவை முந்தியது அங்கே அதுவே முதல் முறை. எப்போதாவது ஒருநாள் என்பது போய், காபி மாதிரி தினசரிப் பொருளாக மாறும்போது, 'ஏன்' என்ற கேள்வி இன்னும் அவசரமாகிறது.

சரி, கேட்டால் உண்மையைச் சொல்வார்களா?

இதுதான் ஆய்வாளர்களுக்குப் பெரிய தலைவலி. சட்டப்படி குற்றம் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் பெயர் கேட்காத சர்வே, மணிக்கணக்கில் நீளும் நேர்காணல், ஒரு நாளில் பலமுறை செல்போனில் 'இப்போது மனநிலை எப்படி?' என்று கேட்டுப் பதிவு செய்வது எனப் பல வழிகளைக் கையாள்கிறார்கள். கனடாவில் நகரங்களின் கழிவுநீரைப் பரிசோதித்தும் பயன்பாட்டை மதிப்பிட்டார்கள். கழிவுநீர் 'எவ்வளவு' என்று சொல்லும். 'ஏன்' என்று மனிதர்தான் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் நிலை என்ன?

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 2.8 சதவீதம், அதாவது சுமார் 3.1 கோடி பேர், முந்தைய ஓராண்டில் ஏதோ ஒரு வடிவில் கஞ்சாவைப் பயன்படுத்தியிருந்தார்கள். இதில் பாங் வடிவமும் அடக்கம். சுமார் 72 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படும் அளவுக்குப் பிரச்னை இருந்தது.

1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா பயன்படுத்தினால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று அதே சட்டத்தின் 64ஏ பிரிவில் இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கு நடவடிக்கையில் இருந்து விலக்கு பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு ரத்தாகலாம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

அண்ணனோ, கணவரோ, மகனோ பயன்படுத்துவது தெரிய வந்தால், முதல் கேள்வி பெரும்பாலும் "எங்கடா வாங்கின?" என்பதுதான். ஆய்வுகளைப் பார்த்தால், "எது உன்னைத் தூங்க விடல?" என்ற கேள்விதான் வழி திறக்கிறது. கூட்டத்துக்காகப் புகைப்பவருக்குக் கூட்டம் மாறினாலே பாதி வேலை முடியலாம். கவலைக்காகப் புகைப்பவரிடம் கஞ்சாவை மட்டும் பிடுங்கினால் கவலை அப்படியே இருக்கும். அவருக்குத் தேவை மனநல சிகிச்சை.

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்களை அழைக்கலாம்.