படம் திருத்தப் புகுமுன்

புதுச்சேரியில் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே பரந்து கிடக்கும் அங்காடிக்கு, 1963-ல் அப்பிரதேசத்தின் முதலாவது முதலமைச்சராக வந்த எதுவார் குபேரின் பெயரைச் சர்க்கார் சூட்டியிருந்தபோதிலும், பையெடுத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்புகிறவர் எவரும் பெரிய மார்க்கெட்டுக்குப் போவதாகத்தான் சொல்லுவார். அங்கே காலை ஏழு மணிக்குக் கைப்பேசியோடு போய்ச் சேருகிற ஒருவர், மீன்கடைப் பகுதியில் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருக்கும் ஓர் அம்மாளிடம் அனுமதி கேட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரில் வெள்ளியாய்ப் பளபளத்த மீன் படத்தில் நீலம் பாரித்துக் கிடக்கிறது. அம்மாளின் முகம் இருண்டிருக்கிறது. பின்னால் தெரியும் வீதியோ சுண்ணாம்பு அடித்த சுவரைப்போல் வெளுத்துவிட்டது. உடனே அவர் நண்பர்களிடம் கேட்பது, “எந்த மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம்?” என்பதே. பத்து நண்பர்கள் பத்துப் பெயர் சொல்லுவார்கள். பத்தும் நல்ல பெயர்களாகவே இருக்கலாம். ஆயினும், வியாதி இன்னதென்று தெரியுமுன் மருந்துக்கடை வாசலில் போய் நிற்பதில் பிரயோஜனம் இல்லையாதலால், கருவிகளைச் சற்று ஒதுக்கிவிட்டு அந்தப் படத்தையே எடுத்துப் பார்ப்போம்.

மீன் ஏன் நீலமாயிற்று? கடைக்கு மேலே கட்டியிருப்பது நீலத் தார்ப்பாய். அதன் வழியே இறங்கும் வெளிச்சமும் நீலம். நம் கண்ணோ, அதன் பின்னே உட்கார்ந்திருக்கும் மூளையின் தயவால், எந்த வெளிச்சத்திலும் வெள்ளையை வெள்ளையென்றே கண்டுகொள்ளும் அப்பியாசம் பெற்றது. காமிராவும் வெளிச்சத்தின் நிறத்தை ஊகித்துச் சரிக்கட்டத்தான் முயலுகிறது. ஆனால் பாதி வீதி வெயிலாகவும் பாதி தார்ப்பாய் நிழலாகவும் இருக்கும் இடத்தில் அதன் ஊகம் தவறிப்போகிறது. இதற்குப் பரிகாரமாவது, படத்தில் உண்மையிலேயே நிறமற்றதாயிருக்கும் ஒரு பொருளைத் தேடிப் பிடித்து, “இது வெள்ளை” என்று மென்பொருளுக்குச் சுட்டிக் காட்டுவது. அவ்வொன்றை அளவாக வைத்துக்கொண்டு ஏனைய நிறங்களை எல்லாம் அது தானே ஒழுங்கு செய்துகொள்ளும். வெண்சமநிலை என்பது இதற்குப் பெயர். மீன்கடைக்காரர்கள் பனிக்கட்டி வைக்கும் தெர்மோகோல் பெட்டி இவ்விஷயத்தில் செய்யும் உபகாரம் பெரிது. நீலத் தார்ப்பாயின் கீழ் எடுத்த படத்தில் அந்தப் பெட்டியைத் தொட்டு ஒருமுறை அழுத்திப் பார்த்தவன், வண்ணத்தைப் பற்றி ஒரு புத்தகம் படித்த அளவு கற்றுக்கொண்டுவிடுவான்.

வெளுத்துப்போன வீதியின் கதை வேறு. சாதாரணமாக நம் கைப்பேசி எழுதி வைக்கும் ஜேபெக் கோப்பில், ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றுக்கும் தனித்தனியே பூஜ்யம் முதல் 255 வரை 256 படிகள் உண்டு. மூன்றும் 255-ஐ எட்டிவிட்ட புள்ளி வெறும் வெள்ளை. அங்கே வீதியும் இல்லை, வீதியில் நின்ற ஆட்டோவும் இல்லை. இல்லாததை எந்த மென்பொருளும் மீட்டுத் தர இயலாது. காமிராவின் பதப்படுத்தாத பதிவாகிய ரா கோப்பிலோ, 14 பிட் பதிவானால் 16,384 படிகள் இருப்பதால், வெளுத்தாற்போல் தோன்றும் இடத்திலும் விவரம் ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. இருண்ட முகத்தைத் தூக்கிக் காட்டும்போது கரகரப்பும் குறைவு. படத்தில் எத்தனை புள்ளிகள் எந்தப் படியில் நிற்கின்றன என்பதைக் குன்றும் பள்ளமுமாய் வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தில், வலது ஓரச் சுவரில் போய் மோதி நிற்கும் குன்று இந்த நஷ்டத்தைச் சொல்லாமல் சொல்லிவிடும். அந்த வரைபடத்தைக் காட்டாத மென்பொருளை நான் புதியவருக்குச் சிபாரிசு செய்வதில்லை.

அடுத்தபடியாகப் பூக்கடை. துலுக்கச் சாமந்தியும் கனகாம்பரமும் குவித்து வைத்திருப்பதைப் படமெடுத்து, நிறச்செறிவு என்ற திருகைக் கொஞ்சம் வலப்புறம் தள்ளினால், படம் முதலில் ஜொலிக்கும். இன்னும் தள்ளினால் இதழ்களுக்கு இடையேயுள்ள நிழல் மறைந்து, குவியல் முழுவதும் ஆரஞ்சுச் சாயம் கொட்டியதுபோல் ஆகிவிடும். சிவப்பின் படி 255-ல் முட்டிக்கொண்டதன் விளைவு இது. புதிதாய்க் கற்பவர்கள் அனைவரும் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன், ஒரு கல்யாணப் படத்தில், மணப்பெண்ணின் பட்டுப்புடவை தக்காளிச் சாறு ஆகும் அளவுக்கு. மார்க்கெட்டின் மணிக்கூண்டை அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்ந்தாற்போல் தோன்றுவதையும், சாய்ந்த அடிவானத்தையும், ஓரத்தில் நுழைந்துவிட்ட யாரோ ஒருவர் முழங்கையையும் திருத்துவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. வெட்டுதலும் நிமிர்த்துதலும் எல்லாக் கருவியிலும் உண்டு.

இவையெல்லாம் கணிப்பொறி வந்தபின் தோன்றிய சூழ்ச்சிகள் என்று நினைப்பது பிசகு. சென்னை ராஜதானியின் சர்க்கார் புகைப்படக்காரராக 1856-ல் நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப் என்பவர், அக்காலத்துக் காகித நெகடிவ் நீல வானத்தை வெறும் வெள்ளையாகவே பதிந்தமையால், நெகடிவின்மேல் தூரிகையால் சாயம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 1858-ல் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இன்று கைப்பேசியை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திருப்பிப் பனோரமா எடுக்கிறவர் அவருடைய பேரப்பிள்ளை முறை. நம் ஊர் ஸ்டூடியோக்களில் டச்சிங் என்றொரு வேலை இருந்தது. கூர் சீவிய பென்சிலால் நெகடிவின்மேல் நுண்ணிய புள்ளிகள் இட்டு, முகத்தின் தழும்பையும் கண்ணின் கீழ்ச் சுருக்கத்தையும் மறைப்பார்கள். இருட்டறையில் பெரிதாக்கும் கருவியின் கீழே, கம்பியில் ஒட்டிய அட்டை வட்டத்தால் வெளிச்சத்தைச் சற்று மறித்தால் அவ்விடம் அச்சில் வெளுப்பாகும்; கையைக் குவித்து அதன் துவாரத்தின் வழியே மட்டும் வெளிச்சத்தை அதிக நேரம் விட்டால் அவ்விடம் கருக்கும். போட்டோஷாப்பின் கருவிப் பெட்டியில் கறுப்புக் கரண்டி போன்ற ஒரு சின்னமும் குவித்த கைபோன்ற ஒரு சின்னமும் இருப்பதைக் கண்டு இவை எதற்கென்று விழிக்கும் இளைஞர்களுக்கு, அவை அந்த அட்டை வட்டமும் அந்தக் கையுமே என்று சொல்லிவிட்டால் பிறகு பாடம் தேவைப்படாது.

அந்த ஒற்றுமை தற்செயலானதன்று. 1987-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த தாமஸ் நோல், திரையில் சாம்பல் நிறப் படிகளைக் காட்டுவதற்காக எழுதிய சிறு நிரலைக் கண்டு, சினிமாவில் தந்திரக் காட்சிகள் அமைக்கும் தொழிலில் இருந்த அவருடைய சகோதரர் ஜான் நோல் ஊக்கம் கொடுக்க, இருவருமாக அதை வளர்த்தார்கள். அவர்களுடைய தகப்பனார் வீட்டு நிலவறையில் இருட்டறை வைத்திருந்தவர். அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் அதைப் போட்டோஷாப் என்று வெளியிட்டது. அது திறக்கும்போது சில கணங்கள் ஓடும், அதை எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய உலகத்தார், அவர் யாரோ என்று வியந்ததுண்டு. 1994-ல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அடுக்குகள் வந்தன. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியிலுள்ள படத்தைத் தொடாமல் மேல்தாளில் எழுதுவதற்கொப்பான ஏற்பாடு அது. மீன்கார அம்மாளின் முகத்தை மட்டும் வெளிச்சமாக்கி, பின்னணியை அப்படியே விட்டுவைக்க வேண்டுமானால், அடுக்கும் அதில் முகத்தை மட்டும் திறந்துவிடும் முகமூடியும் வேண்டும். இத்தகைய வேலையையே பெரும்பாலும் செய்யும் கிம்ப் என்ற மென்பொருளை, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்து மாணவர்களாகிய ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995-ல் தொடங்கினார்கள். 1996 முதல் அது எவருக்கும் இலவசம், அதன் நிரலையும் எவரும் படிக்கலாம்.

இவை ஒரு குலம். மற்றொரு குலம் லைட்ரூம், டார்க்டேபிள் போன்றவை. ஒரு படத்தில் உட்கார்ந்து ஊசியால் வேலை செய்வதைவிட, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எடுத்துவந்த முந்நூறு படங்களை வகைபிரித்து, நல்லதைப் பொறுக்கி, வெளிச்சமும் நிறமும் சமப்படுத்தி முடிப்பதற்கென்றே அமைந்தவை இவை. எனக்கு இவற்றின்மேல் பட்சபாதம் அதிகம். காரணம், இவை மூலப் படத்தைத் தொடுவதே இல்லை. செய்த திருத்தங்களெல்லாம் “வெளிச்சம் இவ்வளவு, நிறம் இவ்வளவு” என்ற குறிப்புகளாகப் பக்கத்தில் எழுதப்படுமேயன்றிப் படத்தில் எழுதப்படா. கைப்பேசியில் ஸ்னாப்சீட் என்ற இலவசக் கருவியும், செய்த மாற்றங்களை வரிசையாக வைத்திருந்து, இடையில் ஒன்றை மட்டும் எடுத்துத் திருத்த இடங்கொடுக்கிறது. ஜேபெக் கோப்பையோ, திறந்து மாற்றி அதன்மேலேயே சேமிக்குந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக விவரம் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே நகலில் வேலை செய்தல் என்ற ஒரு சம்பிரதாயத்தை முதல் நாளே கைக்கொள்ள வேண்டும்.

மூலத்தின் அருமையை அறிய மார்க்கெட்டிலிருந்து பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் நடந்தால் போதும். அங்கே 1955-ல் தோன்றிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில், தென்னாட்டுக் கோயில்களையும் சிற்பங்களையும் பற்றிய ஒரு லட்சத்து அறுபதாயிரம் அளவுள்ள புகைப்படங்கள் சேர்ந்திருக்கின்றன. 1880-லிருந்து 1980 வரையில் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள் எடுத்த குடும்பப் படங்களைத் தேடி மின்னுருவாக்கும் பணியும் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரியைத் தலமாகக் கொண்டு நடந்தது. பூஞ்சை பிடித்த நெகடிவைக் கையாளும் இவ்வகைப் பணியில், கறையோடும் கீறலோடும் கூடிய முதற்பிரதியை அப்படியே ஒன்று காப்பாற்றி வைத்துவிட்டு, அழகுபடுத்துவதை வேறு பிரதியில் செய்வதே முறை. தாத்தாவின் கல்யாணப் படத்தைச் செப்பனிட விரும்புகிறவர்களுக்கும் இதுவே வழி.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. பிற நாட்டார் எழுதிய வழிகாட்டிகளில் அதைக் காணமுடியாது. படத்தின்மேல் “கொடுவா மீன், இன்றைய விலை” என்று எழுதப் புகுந்தால், பழைய போட்டோஷாப் பதிப்புகளில் கொம்பு எழுத்துக்கு முன்னே வராமல் பின்னே போய் ஒட்டிக்கொள்ளும். யூனிகோடு எழுத்தைக் கோத்து அமைக்கும் இயந்திரம் அவற்றில் இல்லாமையே காரணம். இதனாலேயே பேனர்க் கடைகளில் பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் இன்னும் ஆட்சி செலுத்துகின்றன. அக்கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாக வந்து நிற்கும். புதிய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேர்ந்துகொண்டால் இத்தொல்லை நீங்கும். கிம்ப்பில் இத்தொல்லை வெகுகாலமாகவே இல்லை. எந்தக் கருவியானாலும் வாங்குமுன் “கொ”, “பௌ”, “ஸ்ரீ” என்று மூன்றை அடித்துப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

இனிப் பெயர் சொல்லலாம். குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் அனுப்பும் படம்தான் நோக்கம் என்றால் ஸ்னாப்சீட்டுக்கு அப்பால் போகவேண்டிய அவசியமில்லை. தனிக் காமிரா வாங்கி, ரா கோப்பாக எடுக்கத் தொடங்கியவர், பணம் கொடுக்காமல் டார்க்டேபிளை முயலலாம்; முதல் வாரம் அதன் பொத்தான் கூட்டம் மிரட்டும் என்பது மெய். மாதவாடகை கட்ட மனமுள்ளவர்க்கு லைட்ரூம் இணக்கமானது. ஆனால் கல்யாண ஆல்பம் அமைக்கும் கடையிலோ அச்சகத்திலோ வேலைக்குப் போக எண்ணுகிறவர், இலவசத்தின் பெருமையை என்னைப்போன்றவர்கள் எவ்வளவு பேசினாலும் காதில் போட்டுக்கொள்ளாமல், போட்டோஷாப்பையே கற்கவேண்டும். அங்கே கைமாறும் கோப்புகளெல்லாம் பிஎஸ்டி என்ற போட்டோஷாப் வடிவத்தவை. 2013 முதல் போட்டோஷாப்பின் புதிய பதிப்புகளை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. சந்தா நின்றால் கருவியும் நிற்கும். அதற்காகத் திருட்டுப் பிரதியைத் தேடிப் போவது, அதர்மம் என்பது ஒருபுறமிருக்க, வைரஸை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும். அப்பியாசத்துக்கு மட்டுமானால், உலாவியிலேயே திறக்கும் ஃபோட்டோபி, பிஎஸ்டி கோப்பையும் படிக்கும். சாதாரணக் கணிப்பொறியே போதும்.

இன்னுமொன்று. 2023 முதல் போட்டோஷாப்பில், வேண்டியதைச் சொல்லால் எழுதினால் படத்தில் இல்லாத பொருளை வரைந்து நிரப்பும் வசதி வந்திருக்கிறது. டிரைப் மேகம் தீட்டியதற்கும் இதற்கும் குலத்தில் பேதமில்லை என்று வாதிக்கலாம். எனினும் மீன்கடைக்குப் பின்னால் வெளுத்துப்போன வீதியை இந்தக் கருவியிடம் விட்டால், அது வரைந்து தரும் வீதி அழகாகவே இருக்கும், நேரு வீதியாக மட்டும் இராது. நான் அந்த வெள்ளையை வெள்ளையாகவே விட்டு, வெட்டிக் குறுக்கிவிடுவேன்.

நாலுக்கு ஆறு அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 1200-க்கு 1800 புள்ளிகள் போதும்; வெட்டியபின்னும் கைப்பேசிப் படத்தில் அதற்குமேல் மிச்சமிருக்கும். திரையின் பிரகாசத்தை முழுதும் ஏற்றிவைத்துத் திருத்திய படம் காகிதத்தில் இருண்டு வருமாதலால், பாதியாகக் குறைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. முதல் பிரதியை அந்த அம்மாளிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்; ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மட்டும் வேண்டாம், அன்று அவருக்குத் தலைநிமிர நேரம் இராது.