உப்பும் புழுதியும் தின்னும் எஞ்சின்

கிளிநொச்சியிலிருந்து சென்னைக்குப் போகவேண்டியவர் முன்பெல்லாம் இரவிரவாக பஸ்ஸில் இருந்து கட்டுநாயக்காவுக்குப் போவார். 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு அந்த அலைச்சல் ஏ-9 வீதி வழியே இரண்டு மணித்தியாலமாகக் குறைந்துவிட்டது. முதலில் அலையன்ஸ் எயார் வந்தது, 2024 செப்ரெம்பரிலிருந்து இண்டிகோவும் வருகிறது. இரண்டுமே அங்கு இறக்குவது ஏ.ரி.ஆர். 72 என்ற விசிறி விமானத்தை. ரிக்கற் ஏன் இந்த விலை என்று கேட்டால் வரி, எரிபொருள், ஆசன எண்ணிக்கை என்று பல பதில்கள் வரும். எஞ்சினின் முன்பாதியில் இருக்கும் கொம்பிரசரை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு விமான நிறுவனத்தின் பராமரிப்புச் செலவில் ஏறத்தாழ நாற்பது வீதம் எஞ்சினுக்கே போகிறது. அதில் எவ்வளவைக் கட்டுப்படுத்தலாம் என்பதில் கொம்பிரசருக்குப் பெரிய பங்கு உண்டு.

அதன் வேலை காற்றை உறிஞ்சி, நெருக்கி, எரியறைக்குத் தள்ளுவது. ஏ.ரி.ஆர். விமானத்தின் பி.டபிள்யூ. 127 எஞ்சினில் இதை ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் இரண்டு சுழல்சக்கரங்கள் செய்கின்றன. ஶ்ரீலங்கன் எயார்லைன்ஸின் பழைய ஏ320 விமானங்களில் உள்ள சி.எஃப்.எம். 56-5பி எஞ்சினில் முன்விசிறிக்குப் பின்னால் 4 அடுக்கும், அதன்பின் 9 அடுக்கும் உண்டு. ஒவ்வோர் அடுக்கிலும் சுழலும் தகடுகள் ஒரு வரிசை, அசையாத தகடுகள் ஒரு வரிசை. கடைசி அடுக்கை விட்டு வெளியேறும்போது காற்றின் வெப்பநிலை 500 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும். இன்னும் ஒரு துளி எரிபொருள்கூட எரியவில்லை, வெறும் நெருக்கத்தால் வந்த சூடுதான் இது.

வன்னியில் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் 'கிபிர்' என்ற பெயரைச் சத்தத்தால் அறிந்தவர்கள். அந்தப் போர் விமானத்தின் ஜே79 எஞ்சினில் இருந்தது 17 அடுக்குக் கொம்பிரசர். பொறியியல் நூல்கள் அதைப் பெருமையாகப் பேசும். அதை ரசிக்கும் மனம் இங்கே யாருக்கும் இருக்கப்போவதில்லை. ஆனால் ஒரு கணக்கு பயன்படும். ஜே79 தன் 17 அடுக்குகளாலும் காற்றைப் பதின்மூன்று மடங்கு சொச்சம்தான் நெருக்கியது. ஶ்ரீலங்கனின் புதிய ஏ320நியோவில் உள்ள லீப் எஞ்சினின் உயரழுத்தக் கொம்பிரசர் 10 அடுக்கிலேயே 22 மடங்கு நெருக்குகிறது. ஒவ்வொரு தகட்டின் தலையிலும் சுமை அவ்வளவு கூடிவிட்டது. தகட்டின் விளிம்பு மயிரிழை தேய்ந்தாலும் அது எரிபொருள் கணக்கில் தெரிந்துவிடும்.

எரியறைக்குப் பின்னால் உள்ள டர்பைன் உற்பத்தி செய்யும் சக்தியில் பாதிக்கு மேல் இந்தக் கொம்பிரசரைச் சுழற்றவே திரும்பிப் போகிறது. தகடுகளில் அழுக்குப் படிந்தால் அதே உந்துவிசைக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும், வெளியேறும் வாயு இன்னும் சூடாகும். அந்த வாயுவின் வெப்பநிலைக்கு ஒரு மேல் எல்லை உண்டு. புது எஞ்சின் அந்த எல்லைக்கு வெகு கீழே நின்று வேலை செய்யும், வயது ஏற ஏற இடைவெளி சுருங்கும். அது அற்றுப்போகும் நாளில் எஞ்சினை இறக்கியே ஆகவேண்டும். அதற்குள் கூடுதல் சூட்டில் வெந்து கெடுபவை டர்பைன் தகடுகள். எஞ்சினில் விலை கூடிய உறுப்புகளுள் அவை முன்வரிசையில் நிற்பவை. கொம்பிரசரின் அழுக்குக்கு டர்பைன் வட்டி கட்டுகிறது. பட்டறையின் விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால் இந்த உண்மை தெரியாது.

அருவிவெட்டுக் காலத்தில் எயார் கிளீனரைத் தட்டித் துடைக்காமல் உழவு இயந்திரத்தை ஓட்டினால் என்ன நடக்கும் என்பது பரந்தன், முரசுமோட்டைப் பக்கம் எந்த விவசாயிக்கும் தெரியும். விமானத்துக்கு அந்த வசதி இல்லை. மேலெழும்போது ஒரு சி.எஃப்.எம். 56 நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோ காற்றை விழுங்கும். அதில் பெரும்பகுதி வெளிப்புறமாகப் போய்விட்டாலும், மிச்சத்துக்கு வடிகட்டி பூட்டினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டிவிடும். ஆகவே காற்றில் உள்ளது எல்லாம் உள்ளே போகும்.

எங்கள் பக்கக் காற்றில் உள்ளது என்ன? வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் நேரே பலாலிக் கரையில் மோதுகிறது, காற்றில் உப்பு. சோழகக் காலத்தில் மழையில்லாத நிலத்தின் புழுதி. எஞ்சினுக்கு இரண்டும் பகைதான், ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு.

உப்புக்கு மருந்து தண்ணீர். உப்பு தகட்டில் படிந்து அரிப்பதோடு நிற்பதில்லை. அது எரிபொருளில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்பேற்றாகி, சூடான பகுதியில் டர்பைன் தகடுகளின் உலோகத்தையே தின்னும். அதனால் கடலோரத்தில் பறக்கும் எஞ்சின்களைக் கழுவுவதற்கு உற்பத்தியாளரே கால அட்டவணை தருகிறார். சிறிய விமானங்களில் பரவலாக உள்ள பி.ரி.6 எஞ்சினுக்கு, எப்போதும் உப்புக் காற்றில் பறந்தால் தினமும், இடையிடையே பறந்தால் வாரந்தோறும் கழுவும்படி சொல்லப்படுகிறது. விமானப்படையின் வை-12 விமானத்தில் உள்ளதும் அந்தக் குடும்ப எஞ்சினே. முறை எளியது. எரிபொருளும் தீப்பொறியும் இல்லாமல் ஸ்ராட்டரால் எஞ்சினை மெதுவாகச் சுழற்றி, வாயிலில் தண்ணீரைத் தெளிப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறியிருந்தால் சவர்க்காரக் கரைசல் சேரும், பிறகு அலசல், பிறகு எஞ்சினை ஓட்டி உலர்த்தல். பெரிய ஜெற் எஞ்சின்களில் நன்றாகச் செய்த ஒரு கழுவலால் எரிபொருளில் ஒரு வீதத்தை ஒட்டி மிச்சம் பிடிக்கலாம். கேட்கச் சிறிய எண். ஒரு விமானம் ஆண்டு முழுதும் குடிக்கும் எரிபொருளில் ஒரு வீதம் என்று கணக்குப் போட்டால், தண்ணீர் பவுசரும் இரண்டு தொழில்நுட்பவியலாளரின் ஒரு மணித்தியாலமும் செலவே அல்ல.

ஆனால் தண்ணீர் எது என்பது முக்கியம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறியது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது தகட்டிலும் படியும். கனிமம் நீக்கிய தண்ணீரை இங்கேயே தயாரிக்கவேண்டும் அல்லது கொண்டுவரவேண்டும். இப்படிச் சின்ன இடத்தில்தான் செலவுக் கட்டுப்பாடு தொடங்குகிறது, பலவேளை அங்கேயே கோட்டையும் விடப்படுகிறது.

புழுதிக்குத் தண்ணீர் உதவாது. மணல் துகள் தகட்டின் முன்விளிம்பை மழுக்கி, நுனியைத் தேய்த்து, நுனிக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள வெளியைப் பெருப்பிக்கிறது. அந்த வெளியால் காற்று பின்னோக்கி நழுவும். கழுவினால் இழந்த உலோகம் திரும்பி வராது. இதில் மோசமாக அடிபடுபவை ஹெலிகொப்டர்கள். கிரவல் மைதானத்தில் இறங்கும்போது அவை தாமே கிளப்பிய புழுதியைத் தாமே உறிஞ்சுகின்றன. விமானப்படையின் எம்.ஐ. 17 ஹெலிகொப்டரின் ரி.வி.3-117 எஞ்சினில் 12 அடுக்குக் கொம்பிரசர் உண்டு. வாயிலில் புழுதியைச் சுழற்றி வெளியே எறியும் கருவியும் பொருத்தலாம், ஆனால் அதையும் தாண்டி ஒரு பங்கு உள்ளே போகும். 1980களில் ஆப்கானிஸ்தானில் இந்த எஞ்சின்கள் வேகமாகத் தேய்ந்தபோது சோவியத் பொறியியலாளர் தகடுகளுக்கு ரைற்றேனியம் நைற்றைட் பூச்சுப் பூசினர். பொன்னிறமான, மிகக் கடினமான மெல்லிய படலம் அது. வளைகுடாப் போரில் பட்ட அனுபவத்துக்குப் பிறகு அமெரிக்க ஹெலிகொப்டர்களுக்கும் அதே வழியில் வந்த பூச்சு போய்ச் சேர்ந்தது.

கழுவலுக்கு அடுத்தபடி மலிவான ஆயுதம் போரஸ்கோப். நுனியில் கமரா உள்ள இந்த மெல்லிய குழாயை எஞ்சினின் சிறு துவாரங்களால் விட்டு, எஞ்சினை இறக்கையிலிருந்து கழற்றாமலே ஒவ்வொரு தகடாகப் பார்க்கலாம். ஒரு சிறு கல் முன்விளிம்பில் பல்லுப்போல ஒரு வெட்டை விட்டிருக்கும். அதை அப்படியே விட்டால் அதன் மூலையில் இறுக்கம் குவிந்து வெடிப்பு ஓடும், ஒருநாள் தகடு அறுந்து பின்னால் உள்ள அடுக்குகளை எல்லாம் அரைத்துவிடும். அனுபவமுள்ள தொழிலாளி அதே துவாரத்தால் ஒரு சின்ன அரத்தை விட்டு, கூரான வெட்டை வழவழப்பான வளைவாக்கிவிடுவார். கையேடு அனுமதிக்கும் ஆழத்துக்குள் இருந்தால் எஞ்சின் அன்றே பறக்கும். இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் அருகில் இல்லையென்றால், பல மில்லியன் டொலர் எஞ்சின் ஒன்று பட்டறைக்குப் போகும்.

பட்டறையில் திறந்த பிறகு கணக்கு வேறு. தகடுகளைத் தாங்கும் சக்கரத் தட்டுகளுக்கு ஆயுள் பறப்புகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. சி.எஃப்.எம். 56 கொம்பிரசரின் தட்டுகளுக்குப் பொதுவாக 20,000 பறப்புகள். ஏறி இறங்கினால் ஒன்று, அது லண்டனானாலும் சரி பக்கத்து ஊரானாலும் சரி. ஏ.ரி.ஆர். எஞ்சினின் சுழல்சக்கரங்களுக்கும் இப்படி எண்ணிக்கை எல்லை உண்டு. ஆகவே சென்னை - பலாலி போன்ற குறுந்தூரப் பாதைகள் எஞ்சினை நேரத்தால் அல்ல, தடவையால் கிழடாக்குகின்றன. 12,000 பறப்பில் திறந்த எஞ்சினில் இன்னும் 8,000 மிச்சமுள்ள தட்டை மாற்றுவதா, விட்டு வைப்பதா? மாற்றினால் நல்ல உலோகம் வீண். விட்டால், மற்ற உறுப்புகளில் இன்னும் உயிர் இருக்கும்போதே இந்தத் தட்டுக்காக ஒருமுறை திறக்கவேண்டி வரும். எல்லாவற்றையும் புதிதாக்கு என்பவரும் வேண்டாம், இப்போதைக்குப் பூட்டு என்பவரும் வேண்டாம். அடுத்த திறப்பு எப்போது என்று முதலில் தீர்மானித்து, அதுவரைக்கும் தாங்கும் அளவுக்கு மட்டும் வேலை செய்பவரே நல்ல பொறியியலாளர்.

தேய்ந்த தகடுகளை எறிவதும் குறைந்துவிட்டது. நுனியில் உலோகத்தை உருக்கி வளர்த்துத் திரும்ப அரைக்கிறார்கள். ஜெர்மனியின் லுஃப்தான்சா ரெக்னிக் மழுங்கிய முன்விளிம்புகளை மீண்டும் காற்றியக்க வடிவுக்குக் கொண்டுவரும் முறையை வைத்திருக்கிறது. பிரித்த விமானங்களின் நல்ல உறுப்புகளை வாங்கிப் பூட்டுவதும் வழமைதான். இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. லண்டனிலிருந்து இயங்கிய ஏ.ஓ.ஜி. ரெக்னிக்ஸ் என்ற நிறுவனம் போலிச் சான்றிதழ்களோடு உறுப்புகளை விற்றது 2023இல் அம்பலமானது. அவை நூற்றுக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்குள் போயிருந்தன. மலிவு என்று வாங்கியதைத் தேடிக் கழற்றிய செலவு விமான நிறுவனங்களின் தலையில் விழுந்தது.

புதிய எஞ்சின்களில் இந்தப் பழைய சாமர்த்தியங்கள் சில செல்லாது. லீப் கொம்பிரசரின் முன் அடுக்குகளில் தகடும் தட்டும் ஒரே உலோகக் கட்டியில் கடைந்தவை. பாரம் குறைவு, காற்றுக் கசிவு இல்லை, எரிபொருள் மிச்சம். ஆனால் ஒரு தகடு திருத்த முடியாதபடி கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்ற வழியில்லை, முழுத் தட்டும் போகும். எரிபொருளில் மிச்சம் பிடித்த காசின் ஒரு பகுதியை ஓவர்ஹோலில் திருப்பிக் கொடுக்கிறோம் என்பதே என் கணிப்பு.

இந்தப் பக்கத்து வானத்தில் அதற்கு உச்ச உதாரணம் பிராட் அண்ட் விற்னியின் பி.டபிள்யூ. 1100ஜி. 2022 டிசம்பரில் ஒரு ஏ320நியோ ஓடுபாதையில் வேகமெடுத்தபோது, அதன் எஞ்சினில் கொம்பிரசரின் ஏழாம் அடுக்குச் சுழலி உடைந்தது. உலோகத்தூளை அழுத்திச் செய்த பாகங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத மாசு இருந்தது பிறகு தெரியவந்தது. பிராட் அண்ட் விற்னியின் தாய் நிறுவனம் 2023 செப்ரெம்பரில், 2026 வரை கூடுதலாக 600 முதல் 700 எஞ்சின்களை இறக்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் 250 முதல் 300 நாட்கள் செல்லும் என்று மதிப்பிட்டது. பலாலிக்கு ஏ.ரி.ஆர். அனுப்பும் அதே இண்டிகோவின் எழுபதுக்கு மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன. இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனமோ இந்த மாசு வெளியே தெரியுமுன்னமே, 2023 மே 2ஆம் திகதி, எஞ்சின் கோளாறுகளைக் காரணம் காட்டித் திவால் மனுக் கொடுத்தது. பிராட் அண்ட் விற்னி அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது.

இத்தகைய அடிகளிலிருந்து தப்பத்தான் பல நிறுவனங்கள் பறந்த மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று எஞ்சின் உற்பத்தியாளருக்கே கட்டணம் கட்டுகின்றன. 1962இல் பிரிஸ்டல் சிட்லி தொடங்கிய முறை அது. அதிர்ச்சிச் செலவு இல்லை, ஆனால் கட்டணம் டொலரில். 2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயாகியபோது, எந்தத் தகடும் கூடுதலாகத் தேயாமலே எஞ்சின் செலவு ஏறக்குறைய இரட்டித்தது.

வன்னியில் ஒரு எஞ்சின் ஓவர்ஹோல் பட்டறை வரும் என்று ஆசை காட்டுபவர்களை நான் நம்பமாட்டேன். எஞ்சினை ஓட்டிப் பரிசோதிக்கும் கூடம் ஒன்றுக்கே பெருந்தொகை வேண்டும், வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் எஞ்சின் வந்தால்தான் கட்டும். லீப் எஞ்சின்களுக்காக சஃப்ரான் நிறுவனம் 2025 நவம்பரில் ஹைதராபாத்தில் திறந்த பட்டறையின் இலக்கே வருடத்துக்கு 300 எஞ்சின்கள். ஆனால் கழுவுதல், போரஸ்கோப் பார்த்தல், விளிம்பைச் சீராக்குதல், பறப்புக் கணக்கைப் பிழையின்றி வைத்தல் ஆகியவற்றுக்கு வேண்டியது பயின்ற கையும் உரிமமும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. வாகன, இயந்திரத் தொழில்களைக் கற்பிக்கும் இலங்கை - ஜெர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேதான். பழைய எஞ்சின் ஒன்றையும் ஒரு போரஸ்கோப்பையும் அந்த வளாகத்தில் கொண்டுவந்து வைப்பது, இந்தத் துறையின் செலவுகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு.