கலப்பட மருந்து விற்றால் ஆயுள் தண்டனையா, 6 மாதமா?

கோவையில் வேலை, பாலக்காட்டில் வீடு. மூணாறில் அப்பா அம்மா, அவர்கள் பார்க்கும் டாக்டர் போடியில். வாளையாறு, போடிமெட்டு, குமுளி பக்கம் வாழும் பலருக்கு மருந்துச் சீட்டு ஒரு மாநிலத்தில், மெடிக்கல் ஷாப் இன்னொரு மாநிலத்தில். அப்படி வாங்கிய மருந்தில் கலப்படம் இருந்தால் விற்றவருக்கு என்ன தண்டனை?

எல்லைக்கு இரண்டு பக்கமும் சட்டம் ஒன்றுதான்: 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். ஆனால், தண்டனை ஒன்று இல்லை. ஆய்வக அறிக்கையில் என்ன இருக்கிறது, வழக்கைத் தொடுப்பது யார் என்பதைப் பொறுத்து அது ஏகத்துக்கும் மாறும்.

கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பையே எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'எஸ்.ஆர்-13' பேட்ச்சைச் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அக்டோபர் 4-ல் கேரளா அந்த சிரப்பின் விற்பனையை நிறுத்தியது. அந்த பேட்ச் கேரளாவில் விற்கப்படவில்லை என்றுதான் முதல்கட்டத் தகவல் சொன்னது. (இதே நச்சு 1972-லேயே சென்னையில் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது.)

இப்படி நச்சுப்பொருள் கலந்திருந்தால் அது சட்டப்படி 'கலப்பட மருந்து'. அது உயிரையோ உடலையோ கடுமையாகப் பாதிக்கக்கூடியது என்றால், பிரிவு 27(ஏ)-ன் கீழ் குறைந்தது 10 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய், அல்லது பறிமுதல் செய்த மருந்தின் மதிப்பைப் போல மூன்று மடங்கு. எது அதிகமோ அது. இந்தப் பணம் பாதிக்கப்பட்டவருக்கு, அவர் இறந்திருந்தால் குடும்பத்துக்குப் போக வேண்டும்.

அந்த அளவுக்கு ஆபத்தில்லாத கலப்படம் என்றால் 3 முதல் 5 ஆண்டு. வேறு மருந்தின் பெயரில் விற்கும் 'போலி' என்றால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. வெறுமனே 'தரமற்றது' என்று அறிக்கை வந்தால்? பெரும்பாலும் 1 முதல் 2 ஆண்டு, குறைந்தது 20 ஆயிரம் ரூபாய் அபராதம். 2023-ல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம், இந்தக் கடைசி வகையைப் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் வழி திறந்துவிட்டது. என் பார்வையில் பெரிய ஓட்டை இதுதான்.

சரி, நேரா போலீஸ் ஸ்டேஷன் போனா போதாதா? போகலாம். ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 277-வது பிரிவில் கலப்பட மருந்து விற்பனைக்கு அதிகபட்சமே 6 மாதச் சிறையும் 5 ஆயிரம் ரூபாய் அபராதமும்தான். கோல்ட்ரிஃப் வழக்கில் போலீஸ் 105-வது பிரிவையும், அதாவது கொலையாகாத மரணம் விளைவித்தல், சேர்த்தது அதனால்தான் முக்கியம். 27(ஏ) போன்ற மருந்துச் சட்டப் பிரிவுகளுக்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர் போட முடியாது, மருந்து ஆய்வாளர் போன்றவர்கள்தான் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஆய்வாளருக்கும் எல்லை உண்டு. கம்பத்தில் வாங்கியிருந்தால் தமிழ்நாட்டுத் துறை, குமுளியில் வாங்கியிருந்தால் கேரளத் துறை. உங்கள் ஆதாரில் எந்த முகவரி இருந்தாலும் இதுதான்.

"கம்பெனில இருந்து வந்ததைத்தான் வித்தோம்" என்று கடைக்காரர் சொன்னால்? லைசென்ஸ் உள்ளவரிடம் வாங்கினார், முறையாகச் சேமித்தார், உரிய கவனத்தோடு பார்த்தும் குறை தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று நிரூபித்தால் பிரிவு 19(3) அவரைக் காப்பாற்றும். ஆனால் ஆய்வாளர் கேட்டால், யாரிடம் வாங்கினார் என்பதை அவர் சொல்லியே ஆக வேண்டும்.

நீங்கள் அவரிடம்தான் வாங்கினீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? பில். 40 ரூபாய் சிரப்புக்கும் கேட்டு வாங்குங்கள், பேட்ச் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் மிச்ச பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். பிரிவு 26-ன்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரிடம் மருந்தைச் சோதனைக்குக் கொடுக்கலாம். கையொப்பமிட்ட அறிக்கை உங்கள் கைக்கே வரும்.