காந்தத் தொலைபேசியும் இணைப்புப் பலகையும்

இடுக்கி மாவட்டத்து மூணாற்றில், நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலைக் காட்சிசாலையில், பழைய தேயிலை உருட்டும் இயந்திரம் முதலியவற்றோடு காந்தத் தொலைபேசி ஒன்றும் இடம்பெற்றுள்ளது. எண் தட்டோ பொத்தானோ இல்லாத இத்தகைய கருவி, ஓர் அலுவலகத்தைப் பல இடங்களோடு எவ்வாறு பேசவைத்தது என்பது அறியத்தக்கது. 1924ஆம் ஆண்டு ஜூலை மாத வெள்ளத்தில் மூணாற்றின் சிறு ரயில்பாதை முற்றிலும் அழிந்தது. பாதை அறுந்துபோகும் இத்தகைய மலைநாட்டில் ஒரு கம்பியின் நலம் சிறிய செய்தியன்று.

இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882ஆம் ஆண்டிலேயே தொலைபேசி நிலையங்கள் தொடங்கப்பெற்றன. அக்காலத்தில் இணைப்புகள் யாவும் கையாலேயே செய்யப்பட்டன.

காந்தத் தொலைபேசியில் இரு வேறு மின்சாரங்கள் பணிபுரிகின்றன. பேச்சுக்கு உரியது, பெட்டியினுள் இருக்கும் இரண்டு மூன்று உலர் மின்கலங்களிலிருந்து வருவது. வாய்க்குழலிலுள்ள கரித்துகள்கள் குரலின் அதிர்வால் நெருங்கியும் விலகியும் மின்னோட்டத்தை ஏற்றியிறக்குகின்றன. தூண்டு சுருள் அதன் அழுத்தத்தை உயர்த்திக் கம்பியில் செலுத்துகிறது. மணியடிக்க இது போதாது. அதற்கெனக் கைப்பிடியைச் சுழற்றினால், லாடக் காந்தங்களுக்கிடையே கம்பிச் சுருள் விரைந்து சுழன்று, ஏறத்தாழ 75 முதல் 100 வோல்ட் வரை மாறுதிசை மின்சாரத்தைப் பிறப்பிக்கும். நீண்ட கம்பியைக் கடந்தும் அது மணியை ஒலிக்கச் செய்யும். பேச்சுக்கான மின்கலம் அந்தந்தக் கருவியிலேயே இருந்தமையால், மையத்தில் பெரிய மின்கல அடுக்கு தேவைப்படவில்லை. மின்வசதியற்ற, தொலைவான இடங்களுக்கு இம்முறை ஏற்றதாயிருந்ததன் காரணம் இதுவே.

பல தடங்கள் வந்து கூடும் அலுவலகத்தில் இணைப்புப் பலகை இருக்கும். ஒவ்வொரு தடத்திற்கும் ஒரு துளையும், அதன் மேல் சிறு தகட்டுக் கதவும் உண்டு. தொலைவிலிருப்பவர் கைப்பிடியைச் சுழற்றியதும், பலகையிலுள்ள மின்காந்தம் கொக்கியை இழுக்கும். தகடு தன் எடையாலேயே கீழே விழுந்து அத்தடத்தின் எண்ணைக் காட்டும். பலகையில் அமர்ந்துள்ள ஊழியர் கயிற்றின் ஒரு செருகியை அத்துளையில் செருகி, வேண்டிய இடத்தைக் கேட்டறிந்து, மறுமுனைச் செருகியை மற்றொரு துளையில் செருகி, அங்கு மணியடிப்பார். பேசி முடித்தவர் கைப்பிடியை மீண்டும் ஒருமுறை சுற்றவேண்டும். அப்போது முடிவுத் தகடு விழும். இதனை மறந்தால், பேச்சு நின்றபின்னும் இரு தடங்கள் கட்டுண்டு கிடக்கும். ஊழியர் இடையில் ஒட்டுக்கேட்க நேர்ந்ததும் பலவேளை இம்மறதியாலேயே. இரகசியம் காக்க விரும்பியோர், கைப்பிடியைச் சுற்ற மறக்காதிருந்திருக்க வேண்டும்!

பழுதறியும் வகையிலும் இக்கருவி சிறப்புடையது. மணி இருபுறமும் ஒலித்து, பிறர் பேச்சும் நன்கு கேட்டு, நம் குரல் மட்டும் அவர்களை எட்டாவிடில், நம் மின்கலமே சோர்ந்தது எனலாம். கம்பியின் நிலையையோ கைப்பிடியே சொல்லிவிடும். வழக்கத்தைவிட இலேசாகச் சுழன்றால் கம்பி எங்கோ அறுந்துள்ளது. கனமாகச் சுழன்றால் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுள்ளன, அல்லது நனைந்த கிளை முதலியவற்றின் வழியே மின்சாரம் ஒழுகுகிறது. மழையிரவில் புறப்படும் பணியாளர், அறுந்த முனையைத் தேடுவதா, சாய்ந்த மரத்தைத் தேடுவதா என்பதை அலுவலகத்திலிருந்தே ஒருவாறு ஊகித்துவிடலாம்.

இதன் காரணத்தை வகுப்பிலும் காட்டலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பழைய காந்த மின்னாக்கி ஒன்று இருந்தால், அதன் முனைகளைத் திறந்துவைத்து ஒருமுறையும், தடித்த கம்பியால் இணைத்து மறுமுறையும் மாணவர் சுழற்றிப் பார்க்கட்டும். இணைத்தபோது சுருளில் மின்னோட்டம் மிகுந்து பாய்கிறது. அதன் காந்தவிசை சுழற்சியை எதிர்க்கிறது. கை கனத்தை உணர்கிறது. லென்சு விதியை இதைவிட எளிதாக விளக்குவது அரிது. ஆனால் கைப்பிடி சுழலும்போது திறந்த முனைகளை எவரும் விரலால் தொடலாகாது. அதிர்ச்சி கடுமையாக இருக்கும். காட்சிசாலைக் கருவிகளில் இச்சோதனை செய்தல் தகாது.