கிரீ மக்களின் நாவும் நூலும்

கனடா நாட்டிலே, வின்னிப்பெக் ஏரியின் வடபால், நார்வே ஹவுஸ் என்றோர் ஊர் உண்டு. 1840-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஈவான்ஸ் என்னும் வெஸ்லியன் சபைக் குருவானவர் ஆங்கு வந்து சேர்ந்தார். கிரீ மொழிக்கு எழுத்தமைத்து நூல் அச்சிடல் வேண்டும் என்பது அவர் வேட்கை. ஆனால் அச்சுப்பொறியும் இல்லை, அச்செழுத்தும் இல்லை. தேயிலைப் பெட்டிகளினுள்ளே பொதிந்து வந்த ஈயத்தகட்டை உருக்கி அவர் எழுத்து வார்த்தார். புகைக்கரியையும் மீனெண்ணெயையும் குழைத்து மை கூட்டினார். விலங்குத் தோல்களை அமுக்கிக் கட்டும் பொறியையே அச்சுப்பொறியாகக் கொண்டு, மரப்பட்டையின்மீது ஞானப்பாட்டுக்களைப் பதித்தார்.

அவ்வெழுத்தின் அமைப்பு, தமிழ் பயிலும் மாணாக்கர் அறிந்து மகிழ்தற்குரியது. ஒரு வடிவம் ஒரு மெய்யைக் குறிக்கும். அவ்வடிவத்தைத் திருப்பி வைத்தால் அதனோடு கூடிய உயிர் மாறும். ஒன்பது வடிவங்களை நான்கு நிலைகளில் வைத்தே ஈவான்ஸ் மொழி முழுவதையும் எழுதிக் காட்டினார். பிட்மனது சுருக்கெழுத்தும் நம் நாட்டுத் தேவநாகரியும் அவர்க்கு வழிகாட்டின என்பர் ஆராய்ச்சியாளர். கிரீ முதியோர் கூறும் வரலாறு வேறு. மிஸ்தனாஸ்கோவேவ் என்னும் பெரியார் ஆவியுலகம் சென்று இவ்வெழுத்தைப் பெற்று மீண்டார் என்பர். எவ்வாறாயினும், குருமார் அடிவையாத காடுகளிலும் அம்மக்கள் தாமே ஒருவர்க்கொருவர் கற்பித்து அதனைப் பரப்பினர். 1862-ஆம் ஆண்டுக்குள் வேதாகமம் முழுவதும் அவ்வெழுத்தில் லண்டனில் அச்சேறிற்று. அம்மொழிபெயர்ப்பிற்கு உழைத்தவருள் கிரீ குருதி கலந்த சோபியா மேசன் அம்மையார் ஒருவர். வேலை முற்றுப்பெறும் காலத்தில், 1861-இல், அவர் இறந்தார். பெருமையோ பெரும்பாலும் அவர் கணவராகிய வில்லியம் மேசன் குருவானவர்க்கே சென்றது.

எழுத்தை அளித்ததும் சபையே. பின்னர் அம்மொழியைச் சிறார் நாவினின்றும் பறிக்கப் புகுந்ததும் சபையே. கிரீ மக்களைப்பற்றிய இலக்கியத்தைக் கற்குந்தோறும் இவ்விரண்டும் எம்முன் நிற்கின்றன. மிஷன் கல்லூரியிற் பயிலும் யாம் இதனைக் காணாதார்போற் கடந்து செல்லல் இயலாது. அவ்விலக்கியத்தில் மீண்டும் மீண்டும் எழும் வினா, ‘எம் சொல்லைப் பிறர் கேட்டது எவ்வாறு?’ என்பதே.

கிரீ என்பதே பிறர் இட்ட பெயர். பிரெஞ்சு வணிகர் வழங்கிய நெடும்பெயரொன்றன் குறுக்கம். மேற்கிலுள்ள சமவெளி மக்கள் தம்மை ‘நேஹியவக்’ என்பர். கியூபெக் முதல் ஆல்பர்ட்டா வரை பரந்து வாழும் இம்மக்களின் மொழியை இன்றும் 80,000-க்கு மேற்பட்டோர் பேசுகின்றனர். அம்மொழியில் அவன், அவள் என்னும் பாகுபாடு இல்லை. உயிருடைப் பொருள், உயிரில் பொருள் என்னும் பாகுபாடே உண்டு. நம் உயர்திணை அஃறிணையை ஒத்தது என எண்ணிவிடலாகாது. ஆங்குக் கல்லும் உயிருடையது, சமையற் கலமும் உயிருடையது. நிற்கும் மரம் உயிருடையது. அதினின்று வெட்டிய கோல் உயிரற்றது.

பனிக்காலத்திற் சொல்லப்படும் பழங்கதைகளில் வரும் வீசகேச்சாக் என்னும் மாயக்காரரை ஆணென்றோ பெண்ணென்றோ வரையறுக்க இம்மொழி இடந்தருவதில்லை என்பார் டாம்ஸன் ஹைவே என்னும் கிரீ நாடகாசிரியர். கிறிஸ்தவர்க்குக் கிறிஸ்து எவ்வாறோ அவ்வாறே எம்மக்களுக்கு இம்மாயக்காரர் எனவும் அவர் எழுதினார். அவ்வொப்புமை எமக்கு உடன்பாடன்று. ஆயினும் அவர் நாடகங்களைப் படித்தபின், அதனை எள்ளி நகையாடவும் எமக்கு மனம் எழவில்லை.

சமவெளிக் கிரீ மக்களின் வாழ்வு காட்டெருமையை நம்பியது. எருமைத்திரள் அருகி வந்த 1876-ஆம் ஆண்டில், நிலத்தைக் குறித்த ஆறாம் உடன்படிக்கை எழுந்தது. மிஸ்தஹிமஸ்குவா, அஃதாவது ‘பெருங்கரடி’ என்னும் தலைவர், கைச்சாத்திட மறுத்துத் தம் கழுத்திற் கயிறு விழுதலை அஞ்சுவதாகக் கூறினார். தூக்குக் கயிற்றையே அவர் அஞ்சினார் என மொழிபெயர்ப்பாளர் உரைத்தார். கட்டற்ற குதிரையைக் கயிறிட்டு இழுத்தல்போலத் தம் மக்கள் இழுக்கப்படுவர் என்பதே அவர் கருத்து என்று வரலாற்றாசிரியர் சிலர் இன்று விளக்குவர். 1882-இல் பசி அவரைக் கைச்சாத்திடச் செய்தது. 1885-இல் அவர் கூட்டத்து வீரர் ஃபிராக் லேக்கில் ஒன்பதின்மரைக் கொன்றனர். தடுக்க முயன்ற அவரும் சிறை புகுந்தார். அவ்வாண்டு நவம்பரில் பேட்டில்ஃபோர்டில் எண்மர் தூக்கிலிடப்பட்டனர். அருகிலிருந்த தொழிற்பள்ளிச் சிறுவர் அதனைக் காணும்படி அழைத்து வரப்பட்டனர். பெருங்கரடி 1888-இல் இறந்தார்.

இவ்வரலாற்றை ரூடி வீப் என்பார் 1973-இல் ‘பெருங்கரடியின் சோதனைகள்’ என்னும் நாவலாக்கிக் கனடாவின் உயர்ந்த இலக்கியப் பரிசைப் பெற்றார். அவர் கிரீ மரபினர் அல்லர், மெனோனைட் கிறிஸ்தவர். பிறன் ஒருவன் இக்கதையைச் சொல்லலாமா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அவ்வையம் அவர்க்கே இருந்தது என்பதற்கு அவருடைய சிறுகதையொன்று சான்று. கிரீ வீரன் ஒருவனது மரணப்பாட்டைக் கேட்டும், தமக்குக் கிரீ மொழி தெரியாதெனவும் நம்பத்தக்க மொழிபெயர்ப்பாளர் இல்லையெனவும் கதை சொல்பவரே அதன் முடிவில் ஒப்புக்கொள்கின்றார். அந்நேர்மையை யாம் மிக மதிக்கின்றோம்.

அதே 1973-இல் மற்றொரு நூலும் வெளிவந்தது. அதன் ஆசிரியர் எட்வர்ட் அஹெனாக்கியூ கிரீ மரபினர்; ஆங்கிலிக்கன் குருவானவர். மருத்துவம் பயிலப் புகுந்து, உடல் நலிந்து இடையில் விட்டவர். 1923-இல் தண்டர்சைல்டு என்னும் முதிய தலைவரிடமிருந்து பழங்கதைகளைக் கேட்டு எழுதினார். ‘கேயம்’ என்னும் கிழவர் ஒருவரைப் படைத்து, தம் உள்ளத்திற் கிடந்ததை அவர் வாயிற் பேசவைத்தார். கேயம் என்றால் ‘போகட்டும்’ என்பது போன்ற பொருள். ஆனால் அக்கிழவருக்கோ எதனையும் போகட்டும் என்று விட மனமில்லை. குருவாகத் தாம் நேரிற் சொல்லக்கூடாதவற்றைக் கிழவர் வழியாகச் சொன்னாரோ என யாம் எண்ணுவதுண்டு. 1961-இல் அவர் இறக்கும்வரை அவ்வெழுத்து நூலாகவில்லை.

இனிப் பள்ளிகள். அரசாங்கம் பணம் தர, சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில், பற்பல குலங்களைச் சார்ந்த 1,50,000 சிறார் வைக்கப்பட்டனர். தாய்மொழி பேசின் தண்டனை, மயிர் கத்தரிக்கப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது. முன் சொன்ன ஹைவே 1998-இல் எழுதிய நாவலில், சாம்பியன் என்னும் சிறுவன் ஜெரமையா ஆகின்றான். ‘ஆடுவோன்’ என்னும் பொருள்படும் ஊனிமீத்து, கேப்ரியல் ஆகின்றான். இரவில் குரு ஒருவர் இழைக்கும் கொடுமை, மனித ஊன் தின்னும் வீத்திகோ என்னும் பழம்பேயின் உருவில் அவர்தம் நினைவில் எழுகின்றது. தேவபக்தி மிக்க பெற்றோரிடம் அதனைக் கூற அவர்க்கு வாய் எழுவதில்லை. இவ்விடம் வந்தபோது யாம் நூலை மூடிவைத்தோம். மறுநாளே மீண்டும் எடுத்தோம். ஆயினும், அத்தகைய பள்ளியிலே தாம் பியானோ கற்றதையும் இன்புற்ற நாட்களையும் ஹைவே மறைத்தாரல்லர்.

லூயிஸ் பெர்னிஸ் ஹாஃப் என்னும் பெண் கவிஞர் ஆல்பர்ட்டாவிலுள்ள புளூ குவில்ஸ் பள்ளியில் வைக்கப்பட்டவர். 1970-இல் பழங்குடிப் பெற்றோர் அப்பள்ளியினுள் அமர்ந்து போராடி அதனைத் தம் பொறுப்பிற் பெற்றனர். 1994-இல் வெளிவந்த அவரது முதற் கவிதைத் தொகுதியில், போப்பாண்டவர்க்கு எழுதிய கடிதமாக அமைந்த பாட்டு உண்டு. கிரீ நாவிற் புரளும் ஆங்கிலத்தை ஒலித்தவாறே எழுதியிருக்கின்றார். பிழையென்று பள்ளியில் அடித்துத் திருத்தியிருக்கக்கூடிய ஆங்கிலம் அது. நகைப்போடு தொடங்கும் வாசகன் நகைப்போடு முடிப்பதில்லை. 2021-இல் அவர் கனடாப் பாராளுமன்றத்தின் ஆஸ்தான கவியானார்.

2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள், போப்பாண்டவர் பிரான்சிஸ் கிரீ மக்கள் வாழும் மஸ்குவாச்சிஸ் என்னும் ஊருக்கு வந்து மன்னிப்பு வேண்டினார். அப்பொழுது கூட்டத்தினின்றும் ஒரு பெண்மணி எழுந்து, கண்ணீர் வழியக் கிரீ மொழியிற் பாடினார். பண், கனடா நாட்டுத் தேசிய கீதத்தின் பண். ஆதலின் கீதத்தையே அவர் தம் மொழியிற் பாடினார் எனப் பலர் எண்ணினர். சொற்கள் வேறாயிருந்தன.