கத்தரி பட்ட காதல்

வெட்டுப்பட்ட காட்சிகள் – 9

இத்தாலிய இயக்குநர் ரோசலினியின் ‘தி மிராக்கிள்’ படத்தின் வழக்கைச் சென்ற வாரம் பார்த்தோம். சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டு என்று 1952-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்த அயர்லாந்தில் கத்தரிக்கு ஓய்வே இல்லை.

1922 டிசம்பரில் அயர்லாந்து சுதந்திர அரசு பிறந்தது. அடுத்த ஆண்டே திரைப்படத் தணிக்கைச் சட்டம் வந்துவிட்டது. ஆபாசம், அநாகரிகம், தெய்வ நிந்தனை, பொது ஒழுக்கத்துக்குக் கேடு எனத் தணிக்கை அதிகாரி கருதும் எதையும் அவர் தடுக்கலாம். அங்கே திரையரங்குகளில் ஓடியவை பெரும்பாலும் ஹாலிவுட் படங்களும் பிரிட்டிஷ் படங்களும்தான். எனவே வெட்டு விழுந்ததும் அவற்றின் மீதுதான்.

முதல் தணிக்கை அதிகாரி ஜேம்ஸ் மாண்ட்கோமரி, அதற்கு முன் எரிவாயு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தனக்கு சினிமா தெரியாது, பத்துக் கட்டளைகள் தெரியும் என்று வெளிப்படையாகவே சொன்னவர். மணவிலக்கு, மணத்துக்கு வெளியே உறவு, கருத்தடை ஆகியவை திரையில் தலைகாட்டினாலே ஆபத்துதான். வயது பார்த்துச் சான்றிதழ் தரச் சட்டத்தில் இடமிருந்தும், 1960-களின் நடுப்பகுதி வரை அந்த வழி பெரும்பாலும் பயன்படுத்தப்படவில்லை. குழந்தை பார்க்கத் தகாததைப் பெரியவரும் பார்க்க முடியாது என்பதே நடைமுறை.

‘காசாபிளாங்கா’வுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். உலகப் போரின்போது, அயர்லாந்தின் நடுநிலைக்குப் பொருந்தாது என்று அந்தப் படத்தைத் தடுத்தார்கள். போர் ஓய்ந்து 1945-இல் அனுமதித்தபோது, ஒழுக்கத்தின் பெயரால் கத்தரி வைத்தார்கள். படத்தின் நாயகி இல்சா இன்னொருவரின் மனைவி. அவளும் நாயகன் ரிக்கும் தங்கள் காதலைப் பேசும் வசனங்கள் வெட்டப்பட்டன.

படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கணவன் இறந்துவிட்டான் என்று நம்பிய நாட்களில் பாரிஸில் ரிக்கைக் காதலித்தவள் இல்சா. முடிவில், விமான நிலையத்தில் ரிக் அவளைக் கணவனோடு அனுப்பிவைக்கிறான். தன் ஆசையைவிடக் கடமை பெரிது என்று ஒருவன் உணரும் இடம் அது. காதலின் ஆழம் தெரியாதவருக்கு அந்தத் தியாகத்தின் வலி எப்படித் தெரியும்? ஒழுக்கத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள், படம் சொன்ன ஒழுக்கத்தையே வெட்டி எறிந்தார்கள்.

டேவிட் லீனின் ‘பிரீஃப் என்கவுன்டர்’ படத்துக்குத் தடையே கிடைத்தது. மணமான ஒரு பெண் வேறொருவர் மீது காதல்கொண்டு, தவித்து, கடைசியில் தன் வீட்டுக்கே திரும்பும் கதை அது. அவள் திரும்பி வந்ததைவிட, அவளுடைய தவிப்பைப் படம் பரிவோடு காட்டியதே அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது.

இப்படி முப்பது நாற்பது ஆண்டுகளில் சுமார் 2,500 படங்கள் தடைசெய்யப்பட்டன. 10,000-க்கும் அதிகமானவை வெட்டுப்பட்டன. 1965-இல் மேல்முறையீட்டு வாரியம் மாற்றி அமைக்கப்பட்டு, வயதுவாரிச் சான்றிதழ் பரவலான பிறகே பிடி தளர்ந்தது. 2008-இல் அந்த அலுவலகத்தின் பெயரிலிருந்தே ‘தணிக்கை’ நீங்கி, அது வகைப்படுத்தும் அலுவலகமானது.

குழந்தைகளைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சோதனைக்கு ஆளாகி, அதை வென்று வரும் மனிதரின் கதையைச் சொல்ல, அந்தச் சோதனையையும் காட்டத்தான் வேண்டும். அதை மறைத்துவிட்டு நல்லொழுக்கத்தைக் கற்பிக்க எந்தக் கத்தரியாலும் முடியாது.

(தொடரும்)